இருபது வருஷம் இருப்பாள் என்று எழுதியவள்

"ஏங்க, இதுக்கு என்ன பெயின்ட் அடிச்சு வித்தீங்க?"

கவுன்டரின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. மீன் தீனியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. வந்தவன் தெப்பலாக நனைந்திருந்தான். நெற்றியில் இறங்கிய தண்ணீர் புருவத்தில் கொஞ்சம் தங்கி, இமையில் சொட்டி... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாத கோபம் அந்தக் கண்களில்! ஆனால் பெட்டி மட்டும் நனையவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்திக் கொண்டுவந்திருந்தான்.

சண்டை போட வருகிற ஆள் செய்கிற காரியமா இது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பெயின்ட்டா? என்ன சார் சொல்றீங்க?"

"பின்ன என்னங்க? போன வாரம் வரைக்கும் நீலம். அப்படி ஒரு நீலம்! நாலு நாள் முன்னாடி மல்லாக்கப் படுத்துச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சு நான் வேலைக்கே போகல. சாயங்காலம் பார்த்தா பழைய தோலைக் கழற்றிப் போட்டுட்டு எழுந்து உட்கார்ந்திருக்கு... சாக்குப்பை கலர்ல! சாயம் போச்சா, இல்ல என்னை ஏமாத்தினீங்களா?"

அவள் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டாரன்டுலா சிலந்தி. நெடுநெடுவென்ற கால்கள், ஒட்டிப்போன வயிறு, உடம்பெல்லாம் மங்கலான பழுப்பு. முகத்துக்கு முன்னால் இருக்கிற இரண்டு குட்டிக் கைகளின் நுனி குத்துச்சண்டைக்காரன் கையுறை போட்ட மாதிரி உருண்டு திரண்டிருந்தது. முன்னங்கால்களின் உள்பக்கம் ஒவ்வொரு கொக்கி.

"வாழ்த்துகள் சார். உங்க வீட்டுப் பிள்ளை வயசுக்கு வந்துட்டான்."

"வந்துட்டானா...?" அவன் குரல் சட்டென்று இறங்கியது. "பொண்ணுன்னுதானே கொடுத்தீங்க?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். ஓரம் மடங்கிய சீட்டு. அதில் அவளுடைய கையெழுத்து, அவளுடைய பச்சை மை. 'பெண். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் இருப்பாள்.'

அவளுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. அந்தப் பெட்டி இதுதான். ஐந்து மாதமாக எந்தப் பெட்டி கதவைத் திறந்துகொண்டு வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தாளோ, அது.

"ஆணுக்கு... இந்த ஜாதியில கடைசித் தோல் உரிக்கிறப்ப நீலம் போயிடும் சார். பொண்ணுக்குத்தான் கடைசி வரைக்கும் நீலம் நிக்கும்."

"கடைசித் தோலா? கடைசின்னா?"

"இதுக்கப்புறம் உரிக்க மாட்டான்."

"எவ்வளவு நாள் இருப்பான்?"

அவள் மீன் தீனிப் பொட்டலத்தை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள். "ஆறு மாசம்... நல்லா இருந்தா ஒரு வருஷம்."

அவன் அங்கிருந்த மணல் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கோபமாகவே இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா போய் ரெண்டு வருஷம் ஆகுதுங்க. அண்ணன் அண்ணியைக் கூட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டான். வீட்டுக்குப் போய் லைட்டைப் போட்டா உள்ள ஒரு உயிர் இருக்கணும்னு தோணுச்சு. நாய் வளர்க்கலாம்னா பத்து வருஷம், பன்னெண்டு வருஷம்... திரும்ப ஒருத்தரைத் தூக்கிட்டுப் போய் மண்ணுல வெச்சுட்டு வரணும். அப்பதான் உங்கப்பா இதைக் காட்டினாரு. சீட்டுல இருபது வருஷம்னு போட்டிருந்துச்சு. இந்தச் சீட்டை ஒரு வருஷமா ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேங்க."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். மழைத்தண்ணீரோ என்னவோ, அந்தக் கண்கள் பளபளத்தன. இப்படி ஒரு கண்ணை இதற்கு முன் அவள் பார்த்ததில்லை. எதையும் ஒளித்து வைக்கத் தெரியாத கண்.

அவள் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் சிலந்தி வளர்க்கிற முப்பது நாற்பது பேரும் அவளைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். சிலந்தி உரித்துப் போடுகிற தோலை அவர்கள் சட்டை என்பார்கள். அந்தச் சட்டையைத் தீப்பெட்டியில் வைத்து, மூச்சுக்காற்றுகூடப் படாமல் அவளிடம் எடுத்து வருவார்கள். அவள் அதை ஒரு துளி சோப்பு விட்ட தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் விரித்து, வயிற்றின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். பெண்ணாக இருந்தால் அங்கே ஒரு பொடி மடிப்பு, குட்டிப் பை மாதிரி. ஆணுக்கு அது கிடையாது. அவள் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். "எங்க கடையில மட்டும்தான் பொண்ணுன்னா எல்லாரும் குதிப்பாங்க, ஆணுன்னா மூஞ்சி தொங்கிடும்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம்... கொஞ்சம் என்ன, நிறையவே கர்வம்.

தப்பியது ஒரே தடவை. ஒரே முட்டைப் பையில் பிறந்த இரண்டு நீலங்கள், ஒரே வாரத்தில் சட்டை கழற்றின. இரண்டு சாஸரில் ஊறப்போட்டு, அந்தந்தப் பெட்டிக்கு முன்னால் அந்தந்த சாஸரை வைத்திருந்தாள். அன்றைக்கு மேகமூட்டம். வெளிச்சம் போதவில்லை என்று இரண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அங்கேயே நின்று பார்த்தாள், சரியாகத்தான் பார்த்தாள். திரும்பி வந்து கவுன்டருக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே வைத்தபோது இடது வலதாகிவிட்டது. அவ்வளவுதான். கண் தப்பவில்லை, கை தப்பிவிட்டது.

'பெண்' என்று எழுதிய பெட்டியை மறுநாளே அப்பா விற்றுவிட்டார். 'ஆண்' என்று எழுதியதை யார் வாங்குவார்கள்? ஜன்னலோர மேல் தட்டுக்குப் போயிற்று. எப்படியும் சீக்கிரம் போகப்போகிறவன்தானே என்று வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், நினைவு வந்தால் ஒரு பூச்சி. நடுவில் ஒரு தடவை சட்டை கழற்றியது. அவள் விரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டாள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. அப்பாவுக்கு மீன் என்றால் உயிர், சிலந்தி என்றால் உயிர் போகும். அவர் அந்தத் தட்டுப் பக்கமே போகவில்லை. அவள் எழுந்து வந்து பார்த்தபோது மண் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. கால்களை மடக்கிக்கொண்டு, வாடாத நீலத்தோடு அது கிடந்தது. இவ்வளவு வளர்ந்தும் ஏன் இன்னும் நீலம்? அப்போதுதான் உறைத்தது. வயிற்றைக் கீறி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அந்தப் பொடி மடிப்பு, பிசகில்லாமல்.

வாங்கிப் போன ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். முகவரி இல்லை என்றார் அப்பா. அப்பாடா என்று இருந்தது.

இப்போது அந்த ஆள் மணல் மூட்டையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருங்க... அன்னைக்கு உங்கப்பா சொன்னாரே, இதோட கூடப் பொறந்தது இன்னொண்ணு இருக்கு, அது ஆணுன்னு. அப்ப மாறிப்போச்சுன்னா அதுதானே பொண்ணு? அது எங்க?"

சொல்லியிருக்கலாம். 'செத்துடுச்சுங்க, நான்தான் காரணம்.' எவ்வளவு நேரம் ஆகும் இதைச் சொல்ல? ஆனால் அந்தக் கண்ணில் இப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதோடு... பூதக்கண்ணாடி தப்பு செய்தது என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதுமே.

"அது... வித்தாச்சு."

"யாருக்கு?"

"தெரியல. இந்த ஊர்லதான் யாரோ."

'இந்த ஊர்லதான்' என்று ஏன் சொன்னாள்? அவளுக்கே தெரியவில்லை.

அவன் துள்ளி எழுந்தான். "அப்ப கண்டுபிடிச்சிடலாம்ங்க! நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊர்ல நான் ஏறி இறங்காத கட்டடம் இல்ல. எந்த வீட்ல என்ன வளர்க்கிறாங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டா தெரிஞ்சிடும். ஆனா எனக்கு நீலச் சிலந்திக்கும் நீல பக்கெட்டுக்கும்தான் வித்தியாசம் தெரியும். நீங்க கூட வரணும்."

"நானா?"

"தப்பு யாரோடதுங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, "சும்மா சொன்னேங்க, கை தவறுறதுதான். நான் லிஃப்டுல மேல போற பட்டனுக்குக் கீழ போற வயரைக் கொடுத்திருக்கேன்" என்றான்.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் அவளுக்கு ஓய்வு. புதன்கிழமை என்று சொன்னாள்.

முதல் புதன்கிழமை ஒரு வங்கி மேனேஜர் வீடு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஆறு பெட்டிகளை இழுத்துக் காட்டினார் மனுஷர். "என் வொய்ஃபுக்குத் தெரியாது, செருப்புப் பெட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்கா" என்று கிசுகிசுத்தார். நீலம் இல்லை. படியிறங்கும்போது இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"பொண்டாட்டிக்குத் தெரியாம மனுஷன் என்னென்னவோ வெச்சுக்குவான், இவரு சிலந்தி வெச்சிருக்காரே!"

"நீங்க எதை வெச்சுக்குவீங்க?"

"எனக்கு எதையும் மறைக்க வராதுங்க. மூஞ்சியிலேயே தெரிஞ்சிடும்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. நல்ல வேளை, படியில் இருட்டு.

அடுத்த புதன் ஒரு தையற்காரர். அதற்கடுத்த புதன் பெருமழை. ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்கு ஏற வேண்டும், லிஃப்ட் ஓடவில்லை. "நீங்கதானே மெக்கானிக்?" என்றாள் மூச்சு வாங்க. "இது வேற கம்பெனி லிஃப்ட்டுங்க. அடுத்தவன் பொண்டாட்டியை அதட்டுற மாதிரி, நான் கை வைக்கக் கூடாது." ஆறாவது மாடியில் நின்றார்கள். படிக்கட்டின் திறந்த ஜன்னலில் சாரல் அடித்தது. அவள் கன்னத்தில் ஒட்டிய முடியை அவன் பார்த்தான். ஒதுக்கிவிடக் கை நீளும் போலிருந்தது... நீளவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான், திடீரென்று.

"எ... என்ன?"

"இல்ல. எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னு இருக்கான்னு கேட்டேன்."

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓ... இப்படிக்கூடக் கேட்பார்களா? பொம்பளைதான் முதலில் சொல்ல வேண்டுமாமா? திருட்டு ஆள்! "ஒண்ணுமில்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். பின்னால் அவன் மெதுவாக ஏறி வந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் பிரியும்போது அதே கேள்வி. பஸ் நிறுத்தத்தில், டீக்கடை வாசலில், அவள் வீட்டுத் திருப்பத்தில். "வேற ஏதாவது சொல்லணுமா?" அவளும் அதே பதில். வாரம் முழுக்க அந்தக் கேள்வியை அசை போட்டபடி மீன் தொட்டி கழுவினாள். அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார், "தொட்டியைக் கழுவுறியா, தாலாட்டுறியா?" என்று.

செத்துப்போன சிலந்தியைத் தேடிக்கொண்டு வாராவாரம் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அலைகிறோமே என்பது அவளுக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தியது. ஆனால் சொன்னால்? தேடல் நின்றுவிடும். தேடல் நின்றால் புதன்கிழமை ஏது? அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று பதினைந்து வாரம் போயிற்று.

பதினாறாவது வாரம் அவன் வீட்டுக்குப் போனாள். "இவனை வந்து பாருங்க, எதுவும் சாப்பிட மாட்டேங்கிறான்" என்று கூப்பிட்டிருந்தான். சின்ன வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரே ஆளின் துணிகள். ஃப்ரிட்ஜின் மேல் பச்சை மைச் சீட்டு மறுபடி ஒட்டியிருந்தது.

"இதை இன்னும் எடுக்கலையா?"

"மனசு வரலங்க. அந்தப் பொண்ணு கிடைச்சா அதுக்கு ஆகும்ல?"

பெட்டிக்குள் பழுப்புச் சிலந்தி நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. மூலைக்குப் போகும், கண்ணாடியில் மோதும், திரும்பும். நடுநடுவே நின்று அந்த உருண்ட கைகளால் தரையைத் தட்டும். டொக்... டொக் டொக்... காது கொடுத்தால்தான் கேட்கும்.

"என்ன பண்றான்?"

"கூப்பிடறான். பக்கத்துல பொண்ணு இருந்தா அதுவும் திரும்பத் தட்டும்."

"இல்லைன்னா?"

"தட்டிக்கிட்டே இருப்பான்."

பெட்டியின் மேல் அவன் கையும் அவள் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சுண்டுவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. யாரும் எடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு... இதைவிட நல்ல நேரம் வராது.

"நீ டீ குடிப்பல்ல?" என்றான் அவன்.

நீ! முதல் தடவையாக நீ. அவளுக்குள் மழையே கொட்டியது. டீ குடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். டீ குடித்த பிறகு, இவ்வளவு சந்தோஷத்தை யாராவது கையாலேயே உடைப்பார்களா என்று நினைத்தாள். கிளம்பும்போது அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

"வேற ஏதாவது... சொல்லணுமா?"

"எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா? உங்களுக்கு வாய் இல்லையா?" என்று செல்லமாகச் சண்டைக்கு வந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "நீ சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்" என்றான்.

அவள் அதையும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது புதன்கிழமை, காலையிலேயே அவனிடமிருந்து போன்.

"போயிட்டான். காலைல பார்த்தேன், கால் மடங்கிக் கிடந்தான்."

"ஐயோ..."

"பரவாயில்ல. பல் டாக்டர் கிளினிக்குக்கு வர்றியா? மார்க்கெட் பக்கத்துக் கட்டடம், நாலாவது மாடி. ஒரு நீலம் இருக்கு. பொண்ணு."

ஓடினாள். மழை விட்டு, ரோடெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. கிளினிக் வாசலில் அவன் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்னப் பெட்டி. அவள் பையையே பார்ப்பதைக் கவனித்து, "வேலை முடிஞ்சதும் இவனைக் கொண்டுபோய் எங்கயாவது மண்ணுல வைக்கணும்" என்றான்.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில், மூலை மேஜையில் கண்ணாடித் தொட்டி. பல் பிடுங்குகிற பயம் தெரியாமல் இருக்க டாக்டரம்மா வைத்திருக்கிறாராம். அந்தப் பயம் போய் வேறு பயம் வந்துவிடும் என்று மற்ற நாளாக இருந்தால் அவன் சொல்லியிருப்பான். இன்றைக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அறையில் யாரும் இல்லை. உள்ளே டிரில் சத்தம்.

தொட்டியில், வளையின் வாசலில், கால்களை அகட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கொழுத்த வயிறு, கட்டையான கால்கள், கண் கூசுகிற நீலம். பெண்தான். இன்னும் பதினைந்து வருஷம் தாராளமாக இருக்கும்.

"டாக்டரம்மா அடுத்த மாசம் மகள்கிட்ட போறாங்க. யாராவது நல்லா பார்த்துக்கிற ஆளுக்குக் கொடுத்துடறேன்னு சொன்னாங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீதான் பார்த்துச் சொல்லணும். இது நம்மளதா?"

நம்மளது. இல்லை என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆனால்... காலையில்தான் ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறான். கையில் பையோடு நிற்கிறான். ஒரு தலையாட்டல். அதோடு எல்லாம் முடிந்துவிடும். அவன் வீட்டில் ஒரு உயிர் இருக்கும். சீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருக்கும். பொய் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. இனி வாழ்நாள் முழுக்க ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது, இதுவே கடைசி என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அருகே குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தாள்.

"ஆமா... இதுதான்" என்று தலையாட்டினாள். "அந்த முதுகுக் கோடு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதையும் ஒளிக்கத் தெரியாத அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை.

"மூணாவது புதன்கிழமை நீங்க வர லேட்டாச்சு" என்றான். "உங்கப்பாகிட்ட சும்மா பேச்சுக்குக் கேட்டேன், அந்த இன்னொரு சிலந்தியை யாரு வாங்கினாங்கன்னு. அவரு மீனுக்குத் தண்ணி மாத்திக்கிட்டே சொன்னாரு... 'அதுவா தம்பி, என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப காஞ்சு செத்துப்போச்சு, நான் பயந்துக்கிட்டு திறந்துகூடப் பார்க்கல, பாவம் அவ ரெண்டு நாள் அழுதா'ன்னு."

டிரில் சத்தம் நின்றது.

"தெரிஞ்சுமா...?"

"தெரிஞ்சுதான்."

"தெரிஞ்சும் பத்தொன்பது வாரம் என்கூட வந்தீங்களா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு வந்தேன். எத்தனை தடவை கேட்டேன்? வேற ஏதாவது சொல்லணுமா, வேற ஏதாவது சொல்லணுமான்னு..."

"அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீங்க அழுதுட்டு மன்னிப்புக் கேப்பீங்க. தேட வேண்டியது இல்லைன்னு ஆயிடும். புதன்கிழமை போயிடும்." அவன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். "நானும் யோக்கியன் இல்லங்க. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு."

அவளுக்கு அழுகை முட்டியது. சாஸர், ஜன்னல், மேல் தட்டு, குப்பையில் போட்ட சட்டை, பத்து நாள்... கோர்வை இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆண்தானே என்று மேல் தட்டில் கவனிக்காமல் விட்டதைச் சொன்னாள். பெயர் கெட்டுவிடும் என்று பயந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நீங்க அதைத்தான் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியலங்க. நான்... நான் வேற நெனச்சேன்."

"என்ன நெனச்சீங்க?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்லணும்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன்." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே சொன்னாள். "பிடிச்சிருக்கு. நீங்க நனைஞ்சுக்கிட்டு பெட்டிக்குக் கோட்டுப் போட்டுக் கொண்டுவந்தீங்களே, அப்பவே பிடிச்சுப்போச்சு. அதனாலதான் சொல்லல. அதனாலதான் இப்பவும் தலையாட்டினேன்."

"அதையும்தாங்க கேட்டேன்" என்றான் அவன். "முதல்ல இதைச் சொல்லிட்டு, அப்புறம் அதைச் சொல்லுவீங்கன்னு... நானும் சொல்லலாம்னு... எனக்கும் உங்களை ரொம்பப் பிடிக்கும். இங்க வர்ற வரைக்கும் நீங்க இல்லைன்னு தலையாட்டிடணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். டாக்டரம்மா இதைக் காசு அகலம் இருக்கும்போதிலிருந்து வளர்க்கிறாங்களாம், வேற எங்கயோ வாங்கினது. நேத்தே கேட்டுட்டேன். உங்களைச் சோதிச்சுப் பார்த்திருக்கக் கூடாது. அது எனக்கே கேவலமா இருக்கு. ஆனா பார்த்துட்டேனே."

"இனிமே ஒரு பொய் சொல்ல மாட்டேங்க. சத்தியமா."

"நம்பணும்னுதான் ஆசை." அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தொட்டியைப் பார்த்தான். "ஆனா நீங்க சொல்ற ஒவ்வொண்ணையும் உங்கப்பாகிட்ட போய் நிஜமான்னு கேட்டுக்கிட்டு என்னால குடும்பம் நடத்த முடியாதுங்க."

உள்ளேயிருந்து ஒரு நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவன் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். எதிரே லிஃப்ட் வந்து திறந்து நின்றது. போன மாதம் அவனே பழுதுபார்த்த லிஃப்ட், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் வரும் காலடிச் சத்தம் கேட்டதும், அவன் அதில் ஏறாமல் திரும்பி, படிக்கட்டில் வேகமாக இறங்கிப் போனான்.